அசிசியாரை பொம்மை ஆக்கினது போதும்

ஜெர்மனியில் ஆன்சைட்டில் இருக்கும் நண்பன் ஒருவன் இத்தாலிக்கு பஸ் டூர் போய் வந்தான். ரோம், பைசா, வெனிஸ் என்று டிக் அடித்துக்கொண்டே போன லிஸ்டில் அசிசிக்கு ஒதுக்கியது இரண்டரை மணி நேரம். எப்படிடா இருந்துச்சுன்னு கேட்டால், "செம வியூ மச்சி. அந்த பறவை சாமியார் ஊர்தானே? ஃப்ரிட்ஜில ஒட்டுற காந்தம் வாங்கினேன், உனக்கும் ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்" என்றான். கையை விரித்து நிற்கும் பிரான்சிஸ், தோளில் ரெண்டு புறா, காலடியில் ஒரு முயல்.

நண்பன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் அந்தக் காந்தத்தின் மேல்தான். ஏன்னா உலகம் முழுக்க இப்போது பிரான்சிஸ் என்றால் அந்தக் காந்தம்தான். தோட்டத்தில் குருவி தண்ணி குடிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கும் சிமெண்ட் பொம்மை. எங்கள் அலுவலகத்தில் புவி தினத்துக்கு வந்த மின்மடலில்கூட அவர் படம் இருந்தது. அந்த மடல் வந்த அதே மாதத்தில்தான் பார்க்கிங்குக்கு இடம் வேண்டுமென்று வளாகத்தில் நாலு புங்கை மரங்களை வெட்டினார்கள் என்பது வேற கதை.

சரி, விஷயத்துக்கு வருவோம். பிரான்சிஸின் இயற்கை நேசத்துக்கு சாட்சியாக எல்லாரும் காட்டுவது அந்தப் 'படைப்புகளின் பாடல்'. 1225 வாக்கில் இத்தாலியின் உம்ப்ரியா வட்டார மொழியில் அவர் சொல்லச் சொல்ல எழுதியது. இத்தாலிய இலக்கியத்தின் ஆரம்பப் பாடல்களில் ஒன்று என்று கல்லூரிப் பாடத்தில் வைக்கிறார்கள். இந்தப் பாட்டைப் படித்துப் பாருங்கள் மக்களே, அதில் ஒரு பறவைகூடக் கிடையாது. புறா இல்லை, முயல் இல்லை, ஓநாயும் இல்லை. சூரியன், நிலா, நட்சத்திரம், காற்று, தண்ணீர், நெருப்பு, மண், கடைசியில் மரணம். அவ்வளவுதான்.

இதை அவர் எந்த நிலைமையில் பாடினார்? சான் தமியானோ கோயிலை ஒட்டிய ஒரு சின்னக் குடிலில், கிட்டத்தட்ட பார்வை போன நிலையில் படுத்துக் கிடந்தார். வெளிச்சம் பட்டாலே கண் தாங்காது. ராத்திரியெல்லாம் எலிகள் மேலே ஓடித் தூங்க விடாது என்று ஆரம்பகாலக் குறிப்புகள் சொல்கின்றன. அப்படிப்பட்ட ஆள்தான் சூரியனைச் சகோதரன் என்று பாடினார். அதே காலத்தில் கண் வைத்தியம் என்ற பெயரில் காய்ச்சிய இரும்பை அவர் கன்னப்பொறியில் வைத்துச் சுட்டார்கள். கூட இருந்த துறவிகள் பார்க்கச் சகிக்காமல் ஓடிவிட, இவர் நெருப்பைப் பார்த்து, உன்னை நான் எப்பவும் நேசித்தவன், கொஞ்சம் மென்மையாக நடந்துகொள் என்கிற மாதிரி பேசினாராம். வியூ பாயிண்டில் நின்று போட்டோ எடுக்கிற நேசத்துக்கும் இதுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது.

அந்தப் பாட்டிலேயே மன்னிக்கிறவர்களைப் புகழும் வரிகள் சில உண்டு. அவை பிறகு சேர்க்கப்பட்டவை. அசிசி ஆயருக்கும் நகரத் தலைவருக்கும் அப்போது பெரிய தகராறு. ஒருவர் மற்றவரை சபையை விட்டு விலக்க, பதிலுக்கு இவர் அவரோடு யாரும் வாங்கல் விற்றல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அறிவிக்க, ஊரே ரெண்டுபட்டது. பிரான்சிஸ் படுக்கையில் இருந்தபடி இந்த வரிகளைச் சேர்த்து, ரெண்டு பேர் முன்னாலும் பாடவைத்து சமாதானம் பண்ணினார். ஆக, 'இயற்கைப் பாடல்' என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது ஊர்ப் பஞ்சாயத்தும் சேர்ந்ததுதான்.

என் வாதம் இதுதான். பிரான்சிஸ் இயற்கையை 'ரசித்த' ஆள் இல்லை. அதோடு உறவுமுறை கொண்டாடியவர். நமக்கு நிலா அம்புலி மாமா, அவருக்கு அக்கா. உறவு என்று வந்துவிட்டால் அதை விலை பேச முடியாதில்லையா? இந்த உறவு அவருக்கு எங்கிருந்து வந்தது என்றால், சொத்தை விட்டதிலிருந்து. அப்பா பியத்ரோ பெர்னர்தோனே பெரிய துணி வியாபாரி. 1206 வாக்கில் ஆயர் முன்னால், ஊர் முன்னால், போட்டிருந்த துணி முதற்கொண்டு கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டு வெளியேறினார் மகன். ஒண்ணுமே இல்லாம எப்படிப் பிழைப்பீங்கன்னு ஆயர் பிற்பாடு கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: சொத்து இருந்தால் அதைக் காப்பாற்ற ஆயுதம் வேண்டும், வழக்கு வரும், சண்டை வரும். எங்கள் பொட்டி தட்டும் பாஷையில் சொன்னால், அட்மின் உரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சாதாரண யூசராக லாகின் செய்தவர். நாம் அட்மின் பாஸ்வேர்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் படத்தை மட்டும் வால்பேப்பராக வைக்கிறோம் :-)

அந்த 'சமாதானத்தின் கருவி' ஜெபமும் இதே கதைதான். நம்மூர் கான்வென்ட் பள்ளிகளில் அசெம்பிளியில் சொல்ல வைப்பார்களே, அதேதான். அது பிரான்சிஸ் எழுதியதில்லை. 1912ல் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில், எழுதியவர் பெயரில்லாமல் முதன்முதலாக வந்தது. நல்ல ஜெபம்தான், சொல்லுங்கள். ஆனால் அவர் நிஜமாகச் சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு சொல்லாததை அவர் வாயில் வைப்பானேன்?

இனி எதிர்த்தரப்பு. ஒரு கோஷ்டி, "அவர் துறவி, கடவுளைத்தான் தேடினார், சூழலியல் என்று ஜல்லியடிக்காதீர்கள்" என்கும். பாதி சரி. சூழலியல் என்ற சொல்லே 1866ல் ஹெக்கல் உண்டாக்கியது. பிரான்சிஸ் சைவமும் கிடையாது, வைத்ததைச் சாப்பிடலாம் என்றுதான் அவருடைய ஒழுங்குவிதி சொல்கிறது. ஆனால் செலானோ தோமா எழுதிய வாழ்க்கை வரலாறுகளை எடுத்துப் பாருங்கள். விறகு வெட்டப் போகும் துறவிகளிடம் மரத்தை அடியோடு வெட்டாதே, திரும்பத் துளிர்க்க இடம் விட்டு வெட்டு என்கிறார். தோட்டக்காரரிடம், ஓரத்தில் கொஞ்சம் இடத்தை உழாமல் விட்டுவை, புல்லும் காட்டுப்பூவும் அதது பாட்டுக்கு முளைக்கட்டும் என்கிறார். குளிர்காலத்தில் தேனீக்களுக்குத் தேன் வைக்கச் சொல்கிறார். வழியில் கிடக்கும் புழுவை மிதிபடாமல் எடுத்து ஓரமாக விடுகிறார். இதெல்லாம் வெறும் உணர்ச்சி இல்லை சாமி, வேலைக்கான உத்தரவு. ஓநாயைப் பற்றி சினிமா எடுப்பவர்கள் இந்தத் தோட்ட ஓரத்தைக் கண்டுகொள்வதே இல்லை. குப்பியோ ஓநாய்க் கதை அவர் செத்து நூறு வருஷத்துக்கும் மேல் கழித்துத்தான் எழுத்தில் வருகிறது.

இன்னொரு கோஷ்டி நம்ம பகுத்தறிவு நண்பர்கள். "ஏழைச் சாமியாருக்கு எவ்வளவு பெரிய கோயில் பாருங்க, எல்லாம் வேஷம்" என்பார்கள். அதற்கு ஆதாரம் நானே எடுத்துத் தருகிறேன். 1226 அக்டோபர் 3ல் செத்தார். 1228 ஜூலையில் புனிதர் பட்டம், மறுநாளே பேராலயத்துக்கு அடிக்கல். அவர் உயிர்விட்ட இடம் போர்சியுங்குலா, ஒரு சின்னக் கல் குடில் சிற்றாலயம். சொந்தமாக வாங்காமல், வருஷத்துக்கு ஒரு கூடை மீன் வாடகை கொடுத்துத் துறவிகள் இருந்த இடம். அதன் தலைக்கு மேல் 1569ல் தொடங்கி 1679ல் முடித்த பிரம்மாண்டமான கோயில் நிற்கிறது. பெட்டிக்கடையைச் சுற்றி ரயில்வே ஸ்டேஷன் கட்டினது மாதிரி. கிண்டல் பண்ண இதைவிட என்ன வேண்டும்?

ஆனாலும் அங்கே போகிறவர்கள் எல்லாரும் வேஷக்காரர்கள் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1967ல் லின் ஒயிட் என்ற வரலாற்றாசிரியர் 'சயன்ஸ்' இதழில், இன்றைய சூழல் நெருக்கடிக்கு மேற்கத்திய கிறிஸ்தவமே பெரும் காரணம் என்று போட்டுத் தாக்கினார். அதே கட்டுரை முடியும்போது, சூழலியலாளர்களுக்குப் பாதுகாவலராக பிரான்சிஸைப் பரிந்துரைத்தார். திருச்சபையை அடிக்க வந்தவர் கையில் கிடைத்ததும் இவர்தான்! 1979ல் இரண்டாம் ஜான் பால் அதை அதிகாரபூர்வமாக அறிவித்தார். 2015ல் போப் பிரான்சிஸ் தன் சுற்றுமடலுக்கு அந்தப் பாட்டின் சொற்களையே தலைப்பாக வைத்து, ஏழையின் அழுகையும் பூமியின் அழுகையும் ஒண்ணுதான் என்று எழுதினார். வறுமையைக் கழித்துவிட்டுப் பறவையை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது என்று இப்படியாவது யாராவது சொன்னார்களே.

யாத்திரை போகிறவர்களில் நடக்கிறவர்களும் உண்டு. அவர் ஐந்து காயம் பெற்ற லா வெர்னா மலையில் தொடங்கி, குப்பியோ வழியாக அசிசி, அங்கிருந்து ரியேத்தி பள்ளத்தாக்கு, கடைசியில் ரோம் என்று நீளும் பாதை. முதுகில் ஒரு பை, கால் கொப்புளம், ராத்திரி கிடைத்த இடத்தில் படுக்கை. நாள் கணக்கில் வெயிலும் மழையும் வாங்கிக்கொண்டு நடக்கிறவனுக்கு 'சகோதரி தண்ணீர்' என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

எல்லாருக்கும் அவ்வளவு லீவு கிடைக்காது, புரிகிறது. டூர்க்காரர்களுக்கு ஒரு யோசனை. பேராலயத்துக்குக் கீழேயே, 2011ல் ஓர் அறக்கட்டளை சீரமைத்துத் திறந்த பிரான்சிஸ் காடு இருக்கிறது. ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர் மலை ஏறினால் சுபாசியோ மலைக் காட்டுக்குள் கார்ச்சேரி குகைகள். அவர் தனிமைக்குப் போன இடம் அது. கடைத்தெருவில் போகும் நேரத்தை வெட்டி இதில் ஒன்றுக்காவது ஆட்களை நடத்திக் கூட்டிப் போங்கள். ஓட்டலில் சோறு அரை மணி லேட் ஆனால் யாரும் செத்துவிட மாட்டார்கள்.

நம்ம பங்குச் சாமியார்களுக்கும் ஒரு விண்ணப்பம். அக்டோபர் 4 அவர் திருவிழாவுக்கு கோயில் வளாகம் முழுக்க சிமெண்ட் கல் பதித்து, நடுவில் அவர் சிலையை வைக்காதீர்கள். காம்பவுண்டு ஓரமாக ரெண்டடி மண்ணை வெட்டாமல், கொத்தாமல் விட்டுவிடுங்கள். அவர் கேட்டது அதுதான்.

டிஸ்கி: 2025 செப்டம்பரில் புனிதர் பட்டம் பெற்ற கார்லோ அகுதிஸ் அடக்கம் பண்ணப்பட்டிருப்பதும் அசிசியில்தான். இணையதளம் செய்த பையன், 2006ல் 15 வயதில் போய்விட்டான். நம்ம இனம் :-) அவனைப் பற்றி இன்னொரு நாள் எழுதறேன்.