கூரைக் கண்ணாடி உடைந்தால் பஞ்சிகாவத்தைக்கு ஓடுமுன்

வாகனம் வாங்குவது, விற்பது, லீசிங் கட்டுவது பற்றியெல்லாம் இந்தப் பக்கத்தில் பல தடவைகள் எழுதியாயிற்று. ஒரேயொரு கண்ணாடியைப் பற்றி ஒரு வாரத்துப் பக்கம் முழுவதையும் செலவழிக்க வேண்டிவரும் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் இரண்டு பேரிடம் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஐந்து பேர் வந்து அதே விஷயத்தைப் பற்றி விசாரித்தார்கள். ஒருவருக்கு ஏற்கனவே உடைந்திருக்கிறது. மற்றவர்களுக்கு உடைந்துவிடுமோ என்ற பயம்.

என் தங்கை கல்கிசையில் இருக்கிறார். ஹோட்டல் வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்று. மகன் இரவுச் சாப்பாட்டுக்குப் போனவன், வாகனத்தை மதிலோரம் நிறுத்திவிட்டு அங்கேயே தங்கிவிட்டான். காலையில் சுபஹுக்குப் பிறகு தொலைபேசி அடித்தது. “வாப்பா, வண்டிட மேல் கண்ணாடி நொறுங்கிப் போய்த்து.” மதிலுக்கு உள்ளே நின்ற தென்னை, மட்டையோடு ஒரு முற்றிய தேங்காயை இரவில் இறக்கியிருக்கிறது. அந்தத் தேங்காய் பின் சீட்டில், பிள்ளைகள் உட்காரும் இடத்தில் கிடந்ததாம். அல்ஹம்துலில்லாஹ், யாரும் உள்ளே இருக்கவில்லை.

வண்டி 2017இல் வாங்கிய ஜப்பானிய ஜீப் ரகம். கம்பனியின் பெயர் இங்கே தேவையில்லை. கூரையின் முக்கால்வாசி கண்ணாடி. பனோரமிக் சன்ரூஃப் என்று சொல்கிறார்கள். முன்பக்கத் துண்டு மோட்டாரில் திறந்து பின்னால் போகும். பின்பக்கத் துண்டு அசையாமல் ஒட்டப்பட்டிருக்கும். வாங்கும்போது இது எதற்கு என்று கேட்டேன். வெளிச்சம் வரும் என்றான். கொழும்பு வெயிலில் வெளிச்சத்துக்குக் காசு கொடுத்த முதல் ஆள் என் மகனாகத்தான் இருக்கும் என்று அன்றைக்கே சொன்னேன். வாங்கிய நாளிலிருந்து உள்ளே இருக்கும் துணித் திரையை மூடியேதான் வைத்திருக்கிறான்.

அந்தத் திரைதான் அன்றைக்கு ஒரு பகுதித் துண்டுகளைத் தாங்கிக்கொண்டது. ஆனால் மகன் ஒரு பிழை செய்தான். திறக்கிறதா என்று பார்க்க சுவிட்சை அழுத்திவிட்டான். திரையில் தங்கியிருந்த கண்ணாடித் துகளெல்லாம் இரண்டு பக்கத் தண்டவாளத்துக்குள்ளும் இறங்கிவிட்டன. பிறகு அதை எடுப்பதற்கே பாஸுக்கு அரை நாள் சென்றது. உடைந்தவுடன் செய்ய வேண்டியது சுவிட்சைத் தொடாமல் இருப்பதும், மேலே தடித்த பொலித்தீனை விரித்து, கண்ணாடியில் அல்லாமல் பெயின்ட் தகட்டின் மேல் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுவதும், காப்புறுதிக் கம்பனிக்கு அந்த இடத்திலிருந்தே அழைப்பெடுப்பதும்தான். மகன் வண்டியைத் தெஹிவளைக்கு ஓட்டிக்கொண்டு வந்த பிறகு அழைத்தான். வந்த மதிப்பீட்டாளர் முகத்தைச் சுளித்தார். தேங்காயை எறிய வேண்டாம், சாட்சிக்கு வேண்டும் என்று நான் சொல்லியிருந்தது உதவியது. அவர் அதைப் படமெடுத்துக்கொண்டு போனார். மறுநாள் வீட்டில் சம்பல்.

நான் முப்பது வருடமாக ஹாட்வெயார் வியாபாரம் செய்கிறேன். ஜன்னல் கண்ணாடி வெட்டிக் கொடுப்பதும் என் தொழிலில் ஒரு பகுதி. ஆகவே கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. வாகனத்தில் இரண்டு விதக் கண்ணாடி உண்டு. முன் கண்ணாடி லெமினேட்டட். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் விழாது, சிலந்தி வலை மாதிரி நிற்கும். பக்கக் கண்ணாடிகளும் பெரும்பாலான கூரைக் கண்ணாடிகளும் டெம்பர்ட். சாதாரணக் கண்ணாடியை 600 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, திடீரென்று காற்றடித்துக் குளிரவைப்பார்கள். வெளிப்பக்கம் முதலில் இறுகும். உள்பக்கம் பிறகு சுருங்கும்போது வெளிப்பக்கத்தை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அது சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு அடி தாங்குகிறது. அதே காரணத்தால்தான் ஓரத்தில் ஆழமான ஒரு கீறல் விழுந்தாலும் முழுவதும் ஒரே நேரத்தில் பொடிப்பொடியாகிறது. அந்தத் துண்டுகள் மொட்டையான கட்டிகளாக இருப்பதால் ஆளைக் குத்திக் கிழிக்காது. சிறு கீறலோடு விடும்.

தேங்காய் விழாமலும் இது உடைவதுண்டு. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் சஞ்சிகை 2017இல் அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு நிறுவனத்தின் கோப்புகளைப் புரட்டி, கூரைக் கண்ணாடி நொறுங்கியதாக எண்ணூறுக்கும் மேற்பட்ட முறைப்பாடுகளை எடுத்துக் காட்டியது. அதற்கு முன் 2013இலேயே கியா சொரென்டோ வாகனங்களின் கூரைக் கண்ணாடி பற்றி அந்த நிறுவனம் விசாரணை ஆரம்பித்திருந்தது. 2012இல் ஹியுண்டாய் கம்பனி தனது வெலோஸ்டர் கார்களில் ஒரு தொகுதியைத் திருப்பி அழைத்தது. தொழிற்சாலையில் பொருத்தும்போதே கண்ணாடி பலவீனப்பட்டிருக்கலாம் என்பது காரணம். கண்ணாடியின் ஓரத்தில் கறுப்பாக ஒரு பட்டை அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மைப் பூச்சு உள்ள இடத்தில் கண்ணாடியின் பலம் குறைகிறது என்ற விஷயத்தைக் கொரியா ஐக்கிய நாடுகளின் வாகன விதிமுறைக் குழு வரைக்கும் கொண்டுபோனது. ஆகவே “நான் நன்றாகத்தான் வைத்திருந்தேன், தானாக உடைந்தது” என்று ஒருவர் சொன்னால் அவரைப் பொய்யர் என்று நினைத்துவிட வேண்டாம்.

இனி விலைக்கு வருவோம். முதலில் ஏஜென்டிடம் போனோம். முன்பக்கத் துண்டு மட்டும் நான்கு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா, ஓடர் போட்டால் இரண்டரை மாதம் என்றார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. இரண்டு மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. பிறகு இறங்கினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஆகவே அந்த விலையில் ஏஜென்டை மட்டும் குறைசொல்ல முடியாது. ஆனால் உள்கூரைத் துணியை முழுவதும் கழற்ற வேண்டும் என்று கூலி போட்டிருந்தார்கள். அதைத்தான் நான் கேட்டேன். இந்த மொடலில் முன் கண்ணாடியை மேலிருந்தே நாலைந்து ஸ்குரூவைக் கழற்றி மாற்றலாம். தண்டவாளமோ சட்டமோ வளைந்திருந்தால்தான் உள்கூரை இறங்க வேண்டும். கேட்ட பிறகு கூலி குறைந்தது. கேட்காதவர்கள் எத்தனை பேர் கட்டியிருப்பார்கள்?

அடுத்தது பஞ்சிகாவத்தை. மருதானைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த வீதிகளை நம்மவர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வாகன உதிரிப்பாகம் என்றால் முழு நாட்டுக்கும் அதுதான் சந்தை. அங்கே வியாபாரம் செய்பவர்களில் நமது சகோதரர்கள் நிறையப் பேர். அதனால்தான் இதை இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

முதல் கடையில் நின்ற தம்பி கண்ணாடியின் அளவைக் கேட்டார். மொடலைக் கேட்கவில்லை, செசி நம்பரைக் கேட்கவில்லை. “நானா, அளவுக்கு வெட்டி, டின்ட் ஒட்டி, சீலன்ட் போட்டுத் தாரன். முப்பத்தைந்துக்கு முடிச்சிடலாம். யாருக்கும் விளங்காது.”

“டெம்பரா தம்பி?”

“இதெல்லாம் டெம்பர்தான் நானா.”

டெம்பர்ட் கண்ணாடியை யாராலும் வெட்ட முடியாது. வெட்டி, துளையிட்டு, ஓரம் தேய்த்த பிறகுதான் அதைச் சூளையில் போடுவார்கள். சூளையிலிருந்து வந்த பிறகு வைரம் வைத்தால் கையோடு பொடியாகிவிடும். வெட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் தருவது என் கடையில் அலுமாரிக்கும் ஜன்னலுக்கும் வெட்டிக் கொடுக்கும் அதே கண்ணாடி. அது உடைந்தால் கட்டியாக விழாது, கத்தியாக விழும். அதன் நேர் கீழே யார் உட்காருகிறார்கள் என்று மேலே சொல்லிவிட்டேன். நான் இதைச் சொன்னதும் தம்பி பேசவில்லை. பிளேன்டீ ஒன்று சொல்லவா நானா என்று மட்டும் கேட்டார். குடிக்கவில்லை.

அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றுதான் படுகிறது. ஆனால் முதலாளிக்குத் தெரியும். தெரிந்துகொண்டு விற்கும் சாமானின் குறையை மறைத்தால் அந்த வியாபாரம் என்னவாகும் என்பதை, மத்ரஸாவுக்குப் போன ஒவ்வொருவருக்கும் நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொரு கராஜில் வேறு யோசனை சொன்னார்கள். துவாரத்தை மூடி இரும்புத் தகடு வெல்டிங் பண்ணுவது. மூன்றாவது இடத்தில், மோதி நொறுங்கிய இன்னொரு வண்டியின் கூரையை அப்படியே வெட்டியெடுத்து இதில் ஒட்டுவது. இந்த வண்டிகளில் கூரையின் இரு ஓரத்திலும் திரைக் காற்றுப்பைகள் ஓடுகின்றன. தூண்களின் இரும்பும் சாதாரண இரும்பல்ல, சூடாக்கினால் பலம் போய்விடும். வண்டி புரண்டால் தாங்க வேண்டியது அந்தத் தூண்கள்தான். வெல்டிங் பற்றி அதற்குமேல் நான் பேச்செடுக்கவில்லை. பெர்ஸ்பெக்ஸ் தகடு போட்ட ஒருவரையும் சந்தித்தேன். ஆறு மாதத்தில் வெயிலில் வளைந்து, வேகமாகப் போனால் விசில் அடிக்கிறதாம்.

கடைசியில் இரண்டாம் நாள், அதே பஞ்சிகாவத்தையில் பின் ஒழுங்கை ஒன்றில் இருந்த வயதான ஒருவரின் கடையில் சரியான சாமான் கிடைத்தது. ஜப்பானிலிருந்து கொள்கலனில் வந்த பாவித்த கண்ணாடி. அவர் முதலில் கேட்டது செசி நம்பர். அதே மொடலிலும் இடையில் முகம் மாற்றிய வருடத்துக்குப் பின் பிரெக்கட் வேறு என்று அவர்தான் சொன்னார். கண்ணாடியின் மூலையில் உள்ள முத்திரையை டோர்ச் அடித்துக் காட்டினார். வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் 43ஆர் என்ற இலக்கமும் இருந்தன. ஐரோப்பிய விதிமுறைப்படி சோதித்த வாகனக் கண்ணாடியில் இது இருக்கும். நம் உடைந்த கண்ணாடியின் மூலைத் துண்டு ஒன்றை மகன் பத்திரமாக வைத்திருந்தான். ஒப்பிட்டுப் பார்த்தோம். பிறகு ஒரு துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஓரம் முழுவதும் தடவினேன். பாவித்த டெம்பர்ட் கண்ணாடியில் நடுவில் இருக்கும் கீறலைவிட ஓரத்தில் இருக்கும் சிறு பொட்டுத்தான் ஆபத்து. கொள்கலனில் ஒன்றோடொன்று உரசி வரும்போது அங்கேதான் அடிபடும். அவர் எடுத்த முதல் கண்ணாடியில் அப்படி ஒரு பொட்டு இருந்தது. தானாகவே அதை ஒதுக்கிவிட்டு இரண்டாவதை எடுத்தார். ஒரு இலட்சத்து அறுபத்தைந்தாயிரம். பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. என் மனைவி இதை நம்பவே இல்லை.

பொருத்தியது இரத்மலானையில் எனக்குத் தெரிந்த ஒரு சிங்கள பாஸ். தண்டவாளத்தை வெக்கியூம் பிடித்து, கிரீஸ் மாற்றி, நான்கு மூலையிலும் உள்ள தண்ணீர்க் குழாய்களில் மெதுவாகக் காற்றடித்தார். இந்தக் குழாய்களைப் பற்றிப் பலருக்குத் தெரியாது. கூரைக் கண்ணாடியின் ரப்பர் தண்ணீரை முழுவதும் தடுப்பதில்லை. உள்ளே வரும் தண்ணீரைச் சட்டம் ஏந்தி, தூண்கள் வழியாகக் கீழே விடும். கல்கிசை, தெஹிவளை, வெள்ளவத்தைக் கடற்கரையோரத்தில் உப்பும் மணலும் இலைத் தூசியும் சேர்ந்து இந்தக் குழாய்களை அடைத்துவிடுகின்றன. அடைத்தால் தண்ணீர் உள்கூரையில் இறங்கும். சன்ரூஃப் ஒழுகுகிறது என்று சீலன்ட் பூசிக்கொண்டிருப்பவர்களில் பாதிப்பேருக்கு அடைத்திருப்பது குழாயாகத்தான் இருக்கும் என்று பாஸ் சொன்னார். கண்ணாடியைக் கூரை மட்டத்துக்குச் சரிசெய்து, மோட்டாருக்குத் திறப்பையும் மூடலையும் மறுபடி பழக்கினார். பழக்காவிட்டால் விரல் அகப்பட்டால் நிற்கும் பாதுகாப்பு வேலை செய்யாதாம். கடைசியில் ஹோஸ் பைப்பால் கால் மணி நேரம் தண்ணீர் அடித்தோம். உள்ளே ஒரு சொட்டும் இல்லை.

காப்புறுதிப் பணம் வந்தது, ஆனால் முழுவதும் அல்ல. முன் கண்ணாடிக்கென்று தனியாகக் கட்டிய மேலதிகக் காப்பு கூரைக் கண்ணாடிக்குப் பொருந்தாது என்று எங்கள் பத்திரத்தில் சிறு எழுத்தில் இருந்தது. வண்டியின் வயதுக்கு ஏற்பத் தேய்மானமும் கழித்தார்கள். சட்டப்படி சரி. விற்கும்போது அதைச் சொல்லியிருந்தால் இன்னும் சரி. புதுப்பிக்கும் திகதி வருபவர்கள், சன்ரூஃப் என்ற சொல் பத்திரத்தில் எங்கே இருக்கிறது என்று ஏஜென்டிடம் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்தது. இடையில் ஐந்து வருடம், இருந்த வண்டிகளையே எல்லோரும் பராமரித்து ஓட்டினோம். அந்த வண்டிகளின் ரப்பரும் குழாயும் இப்போது வயதாகி நிற்கின்றன. புதிதாக வருபவற்றிலும் கண்ணாடிக் கூரை உள்ளவற்றைத்தான் இளைஞர்கள் தேடுகிறார்கள். என்னிடம் கேட்டால் தகட்டுக் கூரை போதும் என்பேன். என் மகன் ஒத்துக்கொள்ளமாட்டான். அது அவன் காசு.

பஞ்சிகாவத்தை வியாபாரிகளிடம் எனக்கு ஒரேயொரு வேண்டுகோள் உண்டு. அந்த வயதானவரிடம் பில் கேட்டபோது வழக்கம்போல ‘கண்ணாடி 1’ என்று எழுதினார். பாவித்தது, டெம்பர்ட், இன்ன மொடலிலிருந்து கழற்றியது என்றும் எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக எழுதி, கீழே கையொப்பமும் வைத்தார். இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றார்.

மகன் இப்போது தங்கை வீட்டுக்குப் போனால் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போகிறான்.