காப்பகம் கடைசி வழியாகட்டும்

பெற்றோரின் அரவணைப்பை இழந்த குழந்தைக்குக் காப்பகம் கடைசி வழிதான் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். நடப்பிலோ பெரும்பாலும் அதுவே முதல் வழி. குழந்தைகள் நலக் குழு முன் வரும் பிள்ளைக்குக் காப்பகத்தில் இடம் பார்ப்பது எளிது. வளர்ப்புக் குடும்பத்தைத் தேடி, விசாரித்து, தொடர்ந்து கண்காணிப்பது கடினம். ஆனாலும் அந்தக் கடினமான வேலையைத்தான் அரசு செய்ய வேண்டும். பலரோடு வரிசையில் நின்று சாப்பிடும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், நெற்றியைத் தொட்டுப் பார்க்க அதற்கென்று ஒருவர் வேண்டாமா? வளர்ப்புப் பராமரிப்புக்கான 2024-இன் மாதிரி நெறிமுறைகளின்படி தனியாக வாழ்பவரும் வளர்ப்புப் பெற்றோராகலாம். சட்டப்படி தத்துக்கு உரிய பிள்ளையை இரண்டு ஆண்டு வளர்த்தபின் தத்தெடுக்கலாம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவியும் உண்டு. பணத்துக்காகவோ வீட்டு வேலைக்காகவோ பிள்ளையை அழைத்துப் போவோரும் வரக்கூடும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்காக வளர்ப்புக் குடும்பங்களையே ஒதுக்கிவிடக் கூடாது. மாவட்டந்தோறும் போதிய சமூகப் பணியாளர்களை அமர்த்துங்கள். அவர்கள் மாதந்தோறும் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடம் தனியே பேசட்டும். குழந்தைகளுக்கு ஒதுக்கும் பணம் கட்டடங்களைவிட இந்தப் பணியாளர்களுக்கே முதலில் போக வேண்டும்.