அலமாரியில் கஞ்சா தோட்டம்: இடம் மிச்சம் சரி, கரன்ட் கணக்கு?

'பாங்காக்கில் இருந்து வந்த பயணியிடம் உயர் ரக ஹைட்ரோபோனிக் கஞ்சா பறிமுதல்.' சென்னை விமான நிலையச் செய்திகளில் இந்த மாதிரி வரியை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். 'உயர் ரக' என்றதும் ஏதோ மலைத்தோட்டம் கண் முன் வரும். ஆனா இந்த ரகம் பெரும்பாலும் வெயிலையே பார்க்காமல் வளர்வது. மூடிய அறை, அடுக்கடுக்காக அலமாரி, ஒவ்வொரு தட்டுக்கும் மேலே ஒரு எல்.இ.டி. விளக்கு, மண்ணுக்குப் பதில் சத்து கலந்த தண்ணீர். அதுதான் ஹைட்ரோபோனிக்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்தியாவில் 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, அனுமதியில்லாமல் கஞ்சா செடி வளர்த்தால் 10 ஆண்டுகள் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். பால்கனி தொட்டியில் ஒரே ஒரு செடி என்றாலும் அதேதான். நான் பேசப்போவது இது சட்டப்படி நடக்கும் நாடுகளைப் பற்றி. அங்கே 'செங்குத்துத் தோட்டம்' என்ற பெயரில் இதை சுற்றுச்சூழலுக்கு நல்லது போல விற்கிறார்கள். அந்தக் கணக்கில்தான் எனக்குப் பிரச்சினை.

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வம். பெரும்பாலான மாகாணங்களில் ஒரு வீட்டுக்கு 4 செடி வரை வளர்க்கலாம். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயதுவந்த ஒருவருக்கு 3 செடி. ஆனால் குழந்தைகளும் வெளியாட்களும் எட்டாதபடி பாதுகாக்க வேண்டும். பெர்லினில் சின்ன அபார்ட்மென்ட்டில் இருப்பவர் என்ன செய்வார்? மொட்டைமாடியும் கிடையாது, தோட்டமும் கிடையாது. அலமாரிக்குள்தான் போயாக வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு வேறு காரணம்: கட்டட வாடகை. ஒரே தரையில் இரண்டு, மூன்று தட்டு அடுக்கினால் 'ஒரு சதுர அடிக்கு இவ்வளவு விளைச்சல்' என்று பெருமையாகச் சொல்லலாம்.

சதுர அடி என்பதே தப்பான அளவுகோல் என்பது என் கருத்து. தட்டு ஏற ஏற தரை மிச்சமாகும், உண்மைதான். ஆனா மேல் தட்டின் வெளிச்சம் கீழ்த் தட்டுக்கு வராது. ஒவ்வொரு தட்டுக்கும் தனி சூரியன் வாங்கணும். அந்த விளக்கு சூடு கிளப்பும், அதற்கு ஏ.சி. வேண்டும். செடி தண்ணீரைக் குடித்து இலை வழியே ஆவியாக விடும். மூடிய அறையில் அந்த ஈரம் தேங்கினால் பூவில் பூஞ்சை பிடிக்கும். அதனால் ஈரத்தை உறிஞ்ச ஒரு மெஷின், காற்றைத் தள்ள மின்விசிறிகள். வெளியே சூரியனும் காற்றும் சும்மா செய்கிற வேலைக்கெல்லாம் இங்கே மீட்டர் ஓடும்.

எவ்வளவு ஓடும்? கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் 'நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி' இதழில் வெளியிட்ட கணக்கு: உட்புறத்தில் விளைந்த 1 கிலோ காய்ந்த பூவுக்கு 2,283 முதல் 5,184 கிலோ வரை கரியமில வாயுவுக்குச் சமமான உமிழ்வு. அமெரிக்காவில் எந்த ஊர் என்பதைப் பொறுத்து இது மாறுகிறது. கலிபோர்னியாவின் லாங் பீச் பகுதியில் குறைவு, ஹவாயில் அதிகம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வரும். அதாவது குறைந்தபட்சக் கணக்கே கிட்டத்தட்ட 1,000 லிட்டர் பெட்ரோல். நம்ம ஊர் பைக்கில் 50,000 கிலோமீட்டர் சுற்றிவிடலாம். இத்தனையும் ஒரு கிலோவுக்கு!

வீட்டுக் கணக்கும் போடலாம். 200 வாட் விளக்கு தினமும் 12 மணி நேரம், 60 நாள் எரிந்தால் 144 யூனிட். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைப்பதே 100 யூனிட். ஜெர்மனியில் யூனிட் சுமார் 40 சென்ட் என்று வைத்தால் விளக்குக்கு மட்டுமே 58 யூரோ ஆகிறது. விசிறியும் மற்ற மெஷின்களும் தனி.

சோலார் போட்டா தீர்ந்ததே என்பார்கள். தீராது. சூரிய ஒளியில் சுமார் 20 சதவீதத்தைத்தான் பேனல் மின்சாரமாக்கும். அதில் பாதியைத்தான் நல்ல எல்.இ.டி. மறுபடி ஒளியாக்கும். செடிக்குத் தேவையான நிறங்களை மட்டும் விளக்கு தருகிறது என்ற சலுகையைக் கழித்தாலும், ஒரு சதுர மீட்டர் இலைக்கு வெயிலுக்கு நிகரான ஒளி தர தோராயமாக 4 முதல் 5 சதுர மீட்டர் பேனல் வேண்டும். உள்ளே மிச்சம் பிடித்த இடம், வெளியே பல மடங்காகத் திரும்பி வருகிறது.

பின்னே ஏன் இந்த முறை ஓடுகிறது? விலைதான். இதே தொழில்நுட்பத்தில் கீரையும் லெட்யூஸும் வளர்த்த கம்பெனிகளைப் பாருங்கள். ஏரோஃபார்ம்ஸ் 2023 ஜூனில் திவால் மனு போட்டது. போவரி 2024 நவம்பரில் கடையைச் சாத்தியது. பிளென்டி 2025 மார்ச்சில் திவால் மனு. கட்டுக் கீரை விலையில் அந்த கரன்ட் பில்லைக் கட்ட முடியவில்லை. கஞ்சா பூ விலையில் முடிகிறது. அலமாரி திறமையாக வேலை செய்கிறது என்பதற்கு இது சான்று ஆகாது. பயிர் காஸ்ட்லி, அவ்வளவுதான்.

அலமாரிக்கு நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. தண்ணீரைச் சுழற்சி முறையில் பயன்படுத்தலாம், பூச்சிமருந்து குறையும். மருந்துக்காக வளர்க்கும்போது ஒவ்வொரு பூவிலும் வீரியம் ஒரே அளவில் இருப்பது முக்கியம், அதற்கு மூடிய அறை உதவும். அந்தச் செலவை நான் ஏற்பேன். பொழுதுபோக்குக்குப் புகைக்கும் பூவுக்கு எதற்கு இத்தனை யூனிட்?

இந்தச் செடி உள்ளே போனதற்கு முதல் காரணம் போலீஸ். எவன் மில்ஸ் என்ற ஆய்வாளர் 2012-ல் போட்ட மதிப்பீட்டில், அமெரிக்காவின் மொத்த மின்சாரத்தில் 1 சதவீதம் உட்புறக் கஞ்சாவுக்குப் போனது. அப்போது பொழுதுபோக்குக் கஞ்சா அங்கே எந்த மாநிலத்திலும் சட்டபூர்வமாக விற்பனைக்கு வரவில்லை. ஒளிந்து வளர்த்த காலத்துப் பழக்கம் லைசென்ஸ் வந்த பிறகும் போகவில்லை. சட்டம் போடும் அரசுகளும் அதை மாற்ற மெனக்கெடவில்லை.

மாசசூசெட்ஸ் கொஞ்சம் முயன்றது. பெரிய பண்ணைகளுக்குச் சதுர அடிக்கு 36 வாட் விளக்குதான் என்று வரம்பு வைத்தது. ஆனால் அங்கே அலமாரியின் ஒவ்வொரு தட்டும் தனிப் பரப்பாகக் கணக்காகிறது. இரண்டு தட்டு போட்டால் அதே தரைக்கு 72 வாட், மூன்று போட்டால் 108. வரம்பு வைத்தால் ஒரு கிலோ விளைச்சலுக்கு இத்தனை யூனிட் என்று வைக்கணும். 500 பேர் வரை சேரக்கூடிய ஜெர்மனியின் வளர்ப்புச் சங்கங்களை, அலமாரிக்குப் பதில் வெயில் விழும் கண்ணாடிக் கூடத்துக்குப் போகச் சலுகை தந்து தள்ளலாம். கனடா பாக்கெட்டில் போதைப்பொருள் அளவும் எச்சரிக்கை வாசகமும் ஏற்கெனவே அச்சாகின்றன. எத்தனை யூனிட் கரன்ட்டில் விளைந்தது என்பதையும் அதன் கீழேயே சேர்க்கலாம்.