உறையுளும் உயர்கல்வியும்

விழாமலர்க் குழுவினர் என்பால் ஒரு கட்டுரை வேண்டியபொழுது, மலையகத்தின் உயர்கல்விபற்றி எழுதுமாறு பணித்தனர். உயர்கல்வியின் மாண்பினைக் கற்றறிந்தோர் பலர் இம்மலரின் வேறு பக்கங்களில் எடுத்துரைப்பர். யான் பட்டதாரி அல்லேன். பயிற்றப்பட்ட தமிழாசிரியர் என்னும் தராதரப் பத்திரம் ஒன்றே என் கைப்பொருள். ஆதலின் மாண்பினை அவர்களுக்கே விட்டு, அவர்கள் எழுதக் கூசக்கூடிய சிறியதொரு பொருளை எடுத்துக்கொள்கின்றேன். பல்கலைக்கழகம் புகும் நம் மாணவன் இரவில் எங்கே படுக்கின்றான் என்பதே அப்பொருள்.

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளிவந்து, வெட்டுப்புள்ளியும் அறிவிக்கப்பட்டு, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிய செய்தி தோட்டத்து லயத்தை எட்டும் நாளை அன்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராவில், அறுவர் உறங்கும் இடத்தில், இஸ்தோப்பில் விளக்கு வைத்துப் படித்த பிள்ளை அவன். தகப்பனார் நாலு வீட்டுக்குச் சொல்லப் புறப்பட்டுவிடுவார். தாயோ ஆசிரியனாகிய என்னைப் பார்த்து, “எங்க சேர் தங்குவான்? சோத்துக்கு என்ன செய்வான்?” என்று கேட்பாள். இருபது ஆண்டுகளாக இக்கேள்வி என் காதில் விழுந்துகொண்டிருக்கின்றது. எந்தப் பீடம், எந்தப் பாடம், என்ன உத்தியோகம் என்று எந்தத் தாயும் முதலிற் கேட்டதில்லை.

பேராதனையை ஆக்கியோர் அத்தாயின் கேள்வியை முன்னரே கேட்டவர் போலும். 1906ஆம் ஆண்டிலேயே சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென இயக்கம் நடத்தினர். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றிற்று. 1942இல் அது இலங்கைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ், மாணவர் வந்து பாடங்கேட்டுப் போகும் கட்டடமாக அன்றி, ஒருங்கே உறைந்து உண்டு பயிலும் ஊராகவே அதனைக் கருதினார். 1952இல் மகாவலிக் கரையில் அவ்வூர் குடிபுகுந்தபோது, விரிவுரை மண்டபங்களோடு உறைவிட மண்டபங்களும் உடனெழுந்தன. அருணாசலம் பெயரால் ஒரு மண்டபம் உண்டு. அவர் தமையனார் இராமநாதன் பெயரால் மற்றொன்று உண்டு. மாணவர்க்கு இத்தனை சொகுசு எதற்கு என்று அக்காலத்திற் குறைகூறியோரும் உளர். குறை அதுவன்று. மகாவலியின் நீர் நம் அட்டன் மலைகளின் அருவிகளிலிருந்தே புறப்பட்டு அம்மண்டபங்களின் பக்கமாய் ஓடிற்று. நம் பிள்ளைகளோ அவ்வழியிற் செல்லவில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்த பின்னரும் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்தம் பெற்றோரை நாடற்றோர் ஆக்கிற்று. நல்ல விடுதி இருந்த காலத்தில் அதில் உறையும் பேறு நமக்கு வாய்க்கவில்லை. நம்மவர் சென்று சேரும் காலத்தில் விடுதி போதவில்லை.

1960 முதல் தாய்மொழி வாயிலாகப் பயின்றோர் கலைப்பீடத்திற் பெருகினர். ஒருவர்க்கென அமைத்த அறையில் பலர் படுக்கும் நிலை வந்தது. 1972ஆம் ஆண்டில் நாட்டின் பல்கலைக்கழகங்கள் யாவும் ஒரே இலங்கைப் பல்கலைக்கழகமாக இணைக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ‘வளாகம்’ எனப் பெயர் பெற்றது. 1974இல் யாழ்ப்பாண வளாகம், பேராசிரியர் கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு, இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் இடத்தில் திருநெல்வேலியில் தொடங்கிற்று. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவை மீண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் ஆயின. எனினும் வளாகம் என்னும் சொல் ஒழியவில்லை. இப்பொழுது ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்குள்ளேயே பலவாய்ப் பிரிந்து கிடக்கின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி திருநெல்வேலியிலும், நுண்கலை மருதனார்மடத்திலும், சித்த மருத்துவம் கைதடியிலும், விவசாயமும் பொறியியலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் உள்ளன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வந்தாறுமூலையிலும், கல்லடியிலும், திருகோணமலையிலும் இருக்கைகள் உள. தென்கிழக்கு ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் இயங்குகின்றது. கல்வி பல ஊர்களுக்குப் பரவியதை யான் பழிக்கவில்லை; அதனால் அவ்வூர்கள் பயன்பெற்றன. ஆயின் வீட்டிலிருந்து துவிச்சக்கர வண்டியிற் செல்லும் மாணவனுக்கு இது ஒரு வசதி; மஸ்கெலியாவிலிருந்து செல்பவனுக்கோ, பாயும் பானையும் வாங்கி வைக்க வேண்டிய புதியதோர் ஊர்.

நுவரெலியா மாவட்டத்தில் முழுமையான அரச பல்கலைக்கழகம் எதுவும் இதுவரை எழவில்லை. ஆதலின் நம் மாவட்டத்திலிருந்து தெரிவாகும் ஒவ்வொருவரும் வீடுவிட்டுப் போதல் வேண்டும். கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென ஒதுக்கப்பட்ட 5 விழுக்காட்டில் நம் மாவட்டத்துக்கும் பங்குண்டு. அனுமதி கொடுக்கும்போது பின்தங்கியோர் என்று நினைவுகூரும் சட்டம், படுக்கை கொடுக்கும்போது அதனை மறந்துவிடுகின்றது. முதலாண்டினர்க்கும் இறுதியாண்டினர்க்கும் விடுதி, இடைப்பட்ட ஆண்டுகளில் வெளியே ‘போர்டிங்’ என்பதே பல பல்கலைக்கழகங்களில் வழக்கம்.

அவ்விடையாண்டுகள் செய்வதை ஒரு மாணவன் வாயிலாகக் கண்டேன். அவன் என்னிடம் தமிழ் பயின்றவன். கணக்கில் அதனினும் வல்லவன். மஸ்கெலியாவுக்கு மேலுள்ள ஒரு தோட்டத்துப் பிள்ளை. வடக்கே ஒரு வளாகத்துக்குத் தெரிவானான். முதலாண்டு விடுதியிற் கழிந்தது. இரண்டாம் ஆண்டில் அறை தேட வேண்டியிருந்தமையால், தகப்பனாருக்குப் பதிலாக யானே இராப் பேருந்தில் அவனுடன் சென்றேன். பகல் முழுதும் வெய்யிலில் அலைந்தோம். மலைநாட்டுப் பிள்ளை என்றவுடன் சில வாயில்கள் மெல்ல மூடின. மாலையில் ஓர் அம்மையார், எங்கள் பேச்சைக் கேட்டதும், “நீங்க எந்தத் தோட்டம்?” என்றார். 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலைநாட்டை விட்டு வடக்கே சென்று குடியேறிய குடும்பம் அவருடையது. சிறுமியாய்ச் சென்றவர், பனி பெய்கின்றதா என்று கேட்டார். அறையைக் கொடுத்தார், முதல் மாத வாடகையை வாங்க மறுத்தார்.

அவ்வறையில் நால்வர், தலைக்கு 4000 ரூபா. மகாபொல உதவி அந்நாளில் 5000 ரூபா. அதுவும் மாதந்தோறும் தவறாது வருவதன்று. தாயின் நாட்சம்பளம் 2021இல்தான் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது; மழை பெய்து கொழுந்து குறைந்தால் அரைநாட் பெயர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் விலையேற, அவன் ஒருவேளை உணவோடு நிறுத்திக்கொண்டான் என்பதை யான் பின்னரே அறிந்தேன். வீட்டுக்கு எழுதவில்லை, எனக்கும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டில் அவ்வம்மையாரின் மகள் கைக்குழந்தையோடு தாய்வீடு வந்து சேர, அறை அவர்களுக்கே வேண்டியதாயிற்று. இதில் எவரைப் பழிப்பது? வேறு அறை வாடகை கூடியது. ஒரு பருவம் தோழர் அறைகளில் மாறிமாறிப் படுத்து, பரீட்சையில் மூன்று பாடங்களைத் தவறவிட்டு, பெட்டியோடு ஊர் திரும்பினான். இன்று கொழும்பில் ஓர் இரும்புக்கடையிற் கணக்கெழுதுகின்றான். மிக நன்றாக எழுதுவதாக முதலாளி என்னிடம் மெச்சினார். அம்மெச்சுதலைக் கேட்டு யான் மகிழ்ந்தேன் என்று சொல்ல மாட்டேன்.

நிற்க. தமிழாசிரியன் பழமை பேசாது இருத்தல் அரிது, அன்பர்கள் பொறுத்தருள்க. முதலாம் இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, அவ்வூர்க் கல்லூரியில் 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் இருந்ததைக் கூறுகின்றது; இளைய மாணாக்கர் 270 பேருக்கும் மூத்தோர் 70 பேருக்கும் நாள்தோறும் இன்னவளவு நெல் என்று வகுத்திருக்கின்றது. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டோ இன்னும் நுணுக்கமானது. கோயிலைச் சார்ந்து கல்லூரி, மாணவர் விடுதி, மருத்துவசாலை மூன்றும் இருந்தன. பயிலும் மாணவர்க்குச் சோறு மட்டுமன்று, சனிக்கிழமை முழுக்குக்கு எண்ணெய், இரவில் விளக்கெரிக்க எண்ணெய், படுக்கப் பாய் என்று எழுதி வைத்தார்கள். வேதமும் இலக்கணமும் பயில வந்தவனுக்கு முதுகும் வயிறும் உண்டு என்பது அக்கல்வெட்டைப் பொறித்தோர்க்குத் தெரிந்திருந்தது. அங்குப் பயின்றோர் எக்குலத்தினர் என்று கேட்டால் நாம் தலைகுனிய நேரும். கொழுந்து பறிப்போரின் பிள்ளைக்கு அங்கே பாய் விரிக்கப்பட்டிராது. ஆயினும் அவர்கள் வகுத்த கணக்கு நல்ல கணக்கு. பெறுவோர் யார் என்பதை மட்டும் நாம் மாற்றி எழுதினாற் போதும்.

விடுதி என்றால் பகிடிவதை என்று அஞ்சுவோர் பழைய மாணவரிடையேயும் உளர். அவ்வச்சம் பொய்யன்று. 1997இல் பேராதனைப் பொறியியற் பீடத்து மாணவர் ஒருவர் பகிடிவதையின் கொடுமையால் உயிர் நீத்தார். 1998இல் அதனைத் தடை செய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. சட்டம் பிறந்தபின்னும் கொடுமை முற்றாக இறக்கவில்லை. ஆயினும், மேற்பார்வையின்றி வாடகை அறைகளிற் சிதறிக் கிடக்கும் இளைஞனை மூத்தோர் தேடிப் பிடிப்பது எளிதா, பொறுப்பாளர் ஒருவர் உடனுறையும் சிறு விடுதியிற் பிடிப்பது எளிதா என்பதை அவர்கள் ஆராய வேண்டும். நானும் ஆசிரிய கலாசாலையில் ஈராண்டு விடுதியில் இருந்தவன். அங்கே யான் கற்ற உளநூலிற் பாதி மறந்துபோயிற்று. பக்கத்துக் கட்டிலில் இருந்த மட்டக்களப்பு நண்பரிடம் கேட்டுப் பழகிய நாட்டுப்பாடற் செல்வம் இன்றும் என் வகுப்பில் உதவுகின்றது.

மலையகத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்னும் குரல் நெடுநாளாக ஒலிக்கின்றது. யானும் அக்குரலோடு சேர்ந்தவனே. ஆனால் அது வருங்கால், தொகுதிக்கொரு பீடம் என அரசியலார் பங்கிட்டு, ஒன்றை நுவரெலியாவிலும் ஒன்றை அட்டனிலும் ஒன்றைப் பதுளைப் பக்கத்திலும் வைப்பாராயின், அதனை யான் எதிர்ப்பேன். நம் மலைப்பாதைகளில் இருபது மைல் என்பது சமவெளியின் இருபது மைலன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது மண்சரிந்து பாதைகள் அற்றதையும், மலைநாட்டுப் புகையிரதப் பாதை சிதைந்ததையும் எவரும் மறந்திரார். பல்கலைக்கழகம் ஓரிடத்தில் அமைக. ஆயிரம் மாணவரை எடுப்பதாயின் ஆயிரம் கட்டில்களை முதலில் எண்ணுக.

அது அரசின் கடன். வரும் காலத்தில் வரட்டும். நம் கையில் இருப்பது விழா நிதி. அதனைக்கொண்டு கல்லூரி முகப்பில் அலங்கார வளைவொன்று எழுப்புவதென்று குழுவினர் எண்ணியிருப்பதை அறிவேன். வளைவின் படத்தையும் கண்டேன், அழகாகவே இருக்கின்றது. ஆயினும் அப்பணத்திற் பேராதனைக்கு அருகே ஒரு வீட்டையும் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டையும் சில ஆண்டுகளுக்கு வாடகைக்கு எடுக்கலாம் என்று யான் சொல்கின்றேன். அவ்விரு நகரிலும் நம் பழைய மாணவர் குடும்பமாய் வாழ்கின்றனர். மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க அவர்களால் இயலும். விடுதி கிடையாத இடையாண்டினர்க்கே முதலிடம். அவருள்ளும் பெண்பிள்ளைகளுக்கு முதல் வீடு. சமையலை அவர்களே முறைவைத்துச் செய்துகொள்வர். நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மட்டுமா என்று ஒரு நண்பர் கேட்டார். பக்கத்துத் தோட்டப் பாடசாலையிலிருந்து வந்தவளைத் திண்ணையில் நிறுத்திவிட்டு நம் பிள்ளை உள்ளே படுப்பதை யான் விரும்பேன்.

மகாபொல உதவி 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 7500 ரூபாவாக உயர்த்தப்பட்டுவிட்டதே, இனி நாம் எதற்கு என்றும் கேட்பார் உளர். அறைவாடகை மட்டும் அங்கேயே நின்றுவிட்டதா? கதிர்காமத்துக்கு நடந்துபோகும் அடியார்க்கு நம் முன்னோர் மடம் கட்டினார்கள். இரண்டு மூன்று நாள் தங்கும் யாத்திரிகர்க்கு அது செய்த சமூகம், நான்காண்டு யாத்திரைக்குப் புறப்படும் பிள்ளையைப் பேருந்து நிலையத்தோடு வழியனுப்பிவிட்டுத் திரும்புகின்றது.

பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஒரு மாணவிக்கு இவ்வாண்டு கிழக்கே இடம் கிடைத்திருக்கின்றது. முதலாண்டுக்கு விடுதி உண்டு. இரண்டாம் ஆண்டுக்கு என்ன என்று அவள் தகப்பனார் சென்ற வாரம் என் வீட்டுக்கு வந்து கேட்டார். அதற்கு விடை தெரிந்த பின்னரே அனுப்புவதாகச் சொல்லி, தேநீரும் அருந்தாது போனார். சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இப்பிரேரணையை யான் முன்மொழிவேன். கிழக்கே மூன்றாவது வீடொன்றையும் சேர்த்தே முன்மொழிவேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்; முன்வருவோர் எனக்கு ஒரு வரி எழுதி அறிவித்தாற் போதும்.