சாட்சியை எழுதிக் கொடுக்க முடியுமா?

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸப்பில் வந்தாள். இப்போது அவளுக்கே கல்லூரிக்குப் போகிற மகள் இருக்கிறாள். "டீச்சர், ஞாயித்துக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கத்துல நான் சாட்சி சொல்லணும். அஞ்சு நிமிஷம். நீங்க நல்லா எழுதுவீங்கல்லா, எழுதிக் குடுங்க டீச்சர்" என்றாள்.

முப்பத்தொரு வருஷம் தமிழ் நடத்தியவள் நான். ஆண்டுவிழா வரவேற்புரை, பிரிவுபசார உரை, ஐயரவர்கள் மாறுதலாகிப் போகும்போது வாசிக்கிற வாழ்த்து மடல் எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சாட்சியை மட்டும் எழுதித் தர மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொன்னால் நீளும். இங்கே எழுதுகிறேன், அவளும் படிப்பாள்.

சபை வழக்கம் தெரியாத நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கடவுள் தன் வாழ்க்கையில் செய்ததாக ஒருவர் நம்புவதை நாலு பேர் முன்னால் எழுந்து நின்று சொல்வதைத்தான் நாங்கள் சாட்சி என்கிறோம். பிரசங்கம் செய்ய ஐயர் வேண்டும். சாட்சி சொல்லப் படிப்பு வேண்டாம், பட்டம் வேண்டாம். அதனாலேயே அதற்கு ஒரு மரியாதை உண்டு. அதனாலேயே அதில் எளிதாகக் கலப்படமும் நடக்கிறது. நானே செய்திருக்கிறேன்.

2012-ல் நெல்லைப் பக்கம் டெங்கு எப்படி ஆட்டி வைத்தது என்று பலருக்கு நினைவிருக்கும். என் மகன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. காய்ச்சல் வந்த ஐந்தாம் நாள் பிளேட்லெட் 18,000-க்கு இறங்கிவிட்டது, ஈறில் இரத்தம். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் பிளேட்லெட் ஏற்ற வேண்டும், ஆள் ஏற்பாடு செய்யுங்கள் என்றார். எங்கள் பள்ளி பிசிக்ஸ் சார் மேலப்பாளையத்துக்காரர். தகவல் தெரிந்த அரைமணி நேரத்தில் பழைய மாணவர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, தானும் இரத்தம் கொடுத்து, விடியும் வரை வராந்தாவில் என் வீட்டுக்காரரோடு உட்கார்ந்திருந்தார். நான் ஜெபித்துக்கொண்டே இருந்தேன். இரண்டு நாளில் எண்ணிக்கை ஏறியது. பையன் பிழைத்தான்.

அடுத்த ஞாயிறே கோயிலில் எழுந்து சாட்சி சொன்னேன். அன்று சொன்னது ஏறக்குறைய நடந்ததுதான். பிறகு பக்கத்துச் சேகரத்தில் கூப்பிட்டார்கள், கன்வென்ஷனில் கூப்பிட்டார்கள். சொல்லச் சொல்ல என்ன ஆயிற்று தெரியுமா? 18,000 மெல்ல மெல்ல 5,000 ஆகிவிட்டது. "இருபத்துநாலு மணி நேரம் பார்க்கணும்" என்ற டாக்டர், கைவிரித்த டாக்டர் ஆகிவிட்டார். இரத்தம் கொடுத்த நான்கு பேர் கதையிலிருந்தே இறங்கிப் போய்விட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், திட்டம் போட்டுப் பொய் சொல்லவில்லை. கூட்டம் எங்கே "அல்லேலூயா" சொல்கிறதோ அந்த இடம் தானாகவே கொஞ்சம் வீங்கும். மேடை ஏறியவர்களுக்கு இது தெரியும்.

2015 டிசம்பரில் பள்ளிக் கிறிஸ்மஸ் விழாவில் அதே சாட்சியைச் சொன்னேன். பிசிக்ஸ் சார் மூன்றாவது வரிசையில் இருந்தார். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது, ஒரு கிண்டலும் இல்லாமல் கேட்டார்: "டீச்சர், நல்லா பேசினீங்க. ஒரே ஒரு சந்தேகம். டாக்டர் எப்ப கைய விரிச்சாரு? நான் கீழ டீ வாங்கப் போயிருந்தேனே, அப்பவா?"

அந்த டீயை நான் குடித்து முடிக்கவில்லை. இரத்தம் கொடுத்ததைச் சொல்லவில்லையே என்ற வருத்தம் அவருக்கு இல்லை. அல்லாவின் கருணை என்றுதான் தன் வீட்டில் அவர் சொல்லியிருந்தார். தான் கண்ணால் பார்த்ததும் நான் சொன்னதும் ஏன் வேறாக இருக்கிறது என்பதுதான் அவர் கேள்வி. நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்ளத்தானே பேசினேன்? கேட்டவர்களிலேயே நடந்ததை முழுதாக அறிந்த ஒரே மனிதருக்கு நான் பகிர்ந்தது ஒரு பொய்.

சமாளிக்க முடியாமல், மேடையில் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன். அன்று ராத்திரி மூன்று மணி இருக்கும், ரிப்போர்ட் எதுவும் வரவில்லை, ஒன்றும் சரியாகவில்லை. ஜெபிக்க வார்த்தையே இல்லாமல் போய், "இவன் உம்முடைய பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். நான்கு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பயம் எழுந்து போய்விட்டது. பெஞ்சிலேயே ஒரு மணி நேரம் தூங்கினேன். அவ்வளவுதான். இது சின்ன விஷயம், சாட்சிக்குத் தேறாது என்று விட்டிருந்தேன். சார் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுதான டீச்சர் சாட்சி? மத்தது லேப் ரிப்போர்ட்" என்றார்.

வேதத்தில் யோவான் ஒன்பதாம் அதிகாரத்துப் பிறவிக் குருடனைப் பாருங்கள். பெரிய பெரிய ஆட்கள் குறுக்கு விசாரணை செய்கிறார்கள். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்கிறான். பார்வை வந்தது ஒன்றைத்தான் அடித்துச் சொல்கிறான். மாற்கு ஐந்தில் பேய் பிடித்திருந்தவன் இயேசுவோடு படகில் போக ஆசைப்படுகிறான். அவர் அவனைக் கூட்டிப்போகாமல், உன் வீட்டாரிடம் போய்ச் சொல் என்று அனுப்புகிறார். எனக்கு இது முன்னால் புரிந்ததில்லை. கல்லறைகளில் அவன் கத்திக்கொண்டு திரிந்ததைப் பார்த்தவர்கள் ஊர்க்காரர்கள். அவர்கள் முன் 18,000-ஐ 5,000 ஆக்க முடியாது.

நம் ஊர்க் காரையிருப்பில் பிறந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளையையும் நினைத்துக்கொள்கிறேன். வைணவக் குடும்பம், சாயர்புரத்தில் தமிழாசிரியர் வேலை. அவருக்கு முன்பே தம்பி கிறிஸ்தவராகியிருந்தார். இவர் 1858-ல்தான் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். கூடவே வளர்ந்த தம்பியிடம் அலங்காரம் எடுபடாது. அண்ணன் கேட்கிற கேள்விக்குத் தம்பி நேராகத்தான் பதில் சொல்லியாக வேண்டும். பின்னாளில் இரட்சணிய யாத்திரிகம் பாடி 'கிறிஸ்தவக் கம்பர்' என்று பெயர் வாங்கியவர், பழைய வாழ்வின் தமிழை வேண்டாம் என்று தூக்கி எறியவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இன்று சிலர் சாட்சி என்ற பெயரில் தாய் தகப்பன் கும்பிட்ட சாமியைப் பரிகாசம் செய்கிறார்கள். உனக்கு நடந்ததைச் சொல்லத்தானே எழுந்தாய் அப்பா? மதத்தைப் பரப்பும் உரிமை அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவில் இருக்கிறது, அதை நானும் விட்டுத்தர மாட்டேன். அடுத்தவர் அம்மாவின் பூஜை அறையைக் கேலி செய்வது வேறு விஷயம்.

அந்த டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் நேரம் கேட்டு வாங்கி, திருத்திச் சொன்னேன். சரியான எண்ணைச் சொன்னேன், டாக்டரைச் சொன்னேன், இரத்தம் கொடுத்த நாலு பேரைச் சொன்னேன், மூன்று மணியைச் சொன்னேன். என் பிள்ளை ஏன் பிழைத்தான் என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். வாசலில் பெரியவர் ஒருவர், "இந்தத் தடவை வல்லமை இல்லையே டீச்சர்" என்றார். இருக்கட்டும்.

கூட்டம் கலைந்தபின் ஒரு தாய் வந்தாள். அதே 2012 காய்ச்சலில் இரண்டாம் வகுப்புப் பிள்ளையைப் பறிகொடுத்தவள். மூன்று வருஷமாக என் சாட்சியை அதே கோயிலில், அதே பாயில் உட்கார்ந்து கேட்டவள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் ராத்திரி பூராம் முழங்கால்லதான் டீச்சர் இருந்தேன்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. "ஜெபித்தேன், பிள்ளை கிடைத்தான்" என்று நான் மைக்கில் முழங்கியபோதெல்லாம் அவள் காதில் என்ன விழுந்திருக்கும் என்று ஒரு தடவையாவது நினைத்தேனா?

இவர்கள் இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சார் சிரித்துவிட்டு, டீ வாங்கப் போனதை மறக்காமல் எழுதச் சொன்னார்.

மாணவிக்கு வருகிறேன். எழுதிக் கொடுக்க மாட்டேன், ஆனால் நடந்ததை எனக்குச் சொல்லிப் பார், மேடைக்கு இல்லை, எனக்கு என்று அனுப்பியிருந்தேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் பதிவு வந்தது. நாலு நிமிஷம். நடுவில் குக்கர் விசில், யாரோ கதவைத் தட்டுகிற சத்தம், இரண்டு இடத்தில் பேச்சு நின்று போகிறது. கடைசியில், "இதுக்கெல்லாம் சாட்சின்னு பேரா டீச்சர்?" என்று கேட்கிறாள்.

அவள் சொன்னதை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை. ஒரு சொல்லையும் மாற்றாதே, வீட்டுக்காரரைப் பற்றி வருகிற இடத்துக்கு மட்டும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் என்று பதில் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஆராதனை முடிந்து கூட்டம். நான் போகிறேன்.