செவிலிக்கு ஒரு மொழி வேண்டும்

'ஓ பேர்' என்னும் பிரெஞ்சுத் தொடருக்குச் 'சமநிலையில்' என்பது பொருள். ஓர் இளம்பெண் வேற்று நாட்டுக் குடும்பம் ஒன்றுடன் ஓரிரு ஆண்டுகள் தங்கி, அவ்வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, சிறு வேலைகளில் கைகொடுத்து, அதற்கீடாக உணவும் உறைவிடமும் கைச்செலவுக்குப் பணமும் பெற்று, அந்நாட்டு மொழியைக் கற்றுத் திரும்பும் ஏற்பாட்டுக்கு ஐரோப்பாவில் வழங்கும் பெயர் இது. 1969 நவம்பரில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் இதற்கென ஓர் உடன்படிக்கையே உருவாயிற்று. வருபவருக்கு வயது 17 முதல் 30 வரை இருக்கலாம், வேலை பொதுவாக நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்தைத் தாண்டலாகாது, வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு, இயன்றவரை தனியறை, மொழி வகுப்புக்குச் செல்ல நேரம், வழிபாட்டுக்கு வாய்ப்பு, இவையனைத்தும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இவ்வுடன்படிக்கையைச் சில நாடுகளே ஏற்றன என்பதும், நடைமுறையில் இது பல இடங்களில் மலிவான வீட்டுவேலையாகச் சீரழிந்தது என்பதும் உண்மையே. தம் பெண்கள் இம்முறையில் ஐரோப்பா செல்வதைப் பிலிப்பைன்ஸ் அரசு 1998-இல் தடைசெய்து, 2012-இல்தான் முற்றிலும் நீக்கியது. நார்வே 2024-இல் இந்த ஏற்பாட்டையே கைவிட்டது. ஆயினும் அப்பழைய உடன்படிக்கையில் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. அயல்வீட்டில் ஒருத்தி வாழப் பழகுவதற்கு அவ்வீட்டாரின் நல்ல மனம் மட்டும் போதாது. ஒரு மொழியும், ஓர் ஓய்வுநாளும், எழுதப்பட்ட ஒரு தாளும் வேண்டும். இக்கட்டுரை வலியுறுத்த விரும்புவது இதைத்தான்.

இதே வேலைக்கு இதே வயதில் நம் பெண்களும் கடல் கடக்கிறார்கள். ஆனால் அவர்களைக் குறிக்க நம்மிடம் 'சமநிலை' என்ற பொருள்படும் சொல் எதுவுமில்லை. ஊரில் வேலைக்காரி, நகரத்தில் ஆயா, வளைகுடாவில் கத்தாமா. கல்வராயன் மலையிலிருந்து மிளகு பறிக்கவும் காப்பித் தோட்ட வேலைக்குமாகக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் குடும்பத்தோடு செல்பவர்களைக் கள்ளக்குறிச்சிப் பகுதியில் யாவரும் அறிவர். தனியே விமானம் ஏறும் பெண்களைப் பற்றி ஊர் அவ்வளவாகப் பேசுவதில்லை. என் மாணவி ஒருத்தி, படிவத்தில் தாயின் தொழில் என்ற கட்டத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தாள். அவள் தாயார் ஆறாண்டுகளாகக் குவைத்தில் இன்னொருவர் இல்லத்தில் இருக்கிறார்.

விடுப்பில் வந்திருந்தபோது அவ்வம்மையார் கல்லூரிக்கு வந்தார். போன புதிதில் எப்படியிருந்தது என்று கேட்டேன். "வாய் இருந்தும் ஊமைதான் சார், மொதல் ஆறு மாசம். அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைதான் எனக்கு வாத்தியார்" என்றார். தண்ணீர், பால், செருப்பு, வலிக்கிறது என்னும் சொற்களை மூன்று வயதுக் குழந்தையிடம் கற்றிருக்கிறார். மழலை அரபியில் வீட்டம்மாளுக்கு விடை சொன்னபோது எல்லாரும் சிரித்தார்களாம். "சிரிச்சா சிரிக்கட்டும், திட்டு கொறஞ்சுதே" என்றார். எந்த மொழிப் பாடநூலும் சொல்லாத பாடம் அது.

மொழியில்லாமை எதுவரை கொண்டுசெல்லும் என்பதற்கு ரிசானா நபீக் என்னும் பெயர் போதும். திருகோணமலை மாவட்டம் மூதூரைச் சேர்ந்த, தமிழ் பேசும் ஏழைச் சிறுமி. 1988-இல் பிறந்தவர், 1982 என்று திருத்திய கடவுச்சீட்டுடன் 2005 மே மாதம் சவூதி அரேபியாவுக்கு வீட்டுவேலைக்கு அனுப்பப்பட்டார். குழந்தை வளர்ப்பில் எப்பயிற்சியும் இல்லாத அவரிடம் நான்கு மாதக் குழந்தை ஒப்படைக்கப்பட்டது. சில வாரங்களில் அக்குழந்தை இறந்தது. புட்டிப்பால் கொடுத்தபோது புரையேறியது என்பது அவர் கூற்று. கொலை என்பது வழக்கு. விசாரணையின்போது அவருக்கு வழக்கறிஞர் இல்லை. அவருடைய வாக்குமூலத்தை மொழிபெயர்த்தவருக்குத் தமிழும் அரபியும் போதிய அளவு தெரியுமா என்ற ஐயத்தை ஆம்னஸ்டி அமைப்பு எழுப்பியது. 2007-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9 அன்று நிறைவேற்றப்பட்டது.

ஊரை விட்டுப் புறப்பட்டபோது ரிசானாவுக்கு வயது 17. ஐரோப்பிய உடன்படிக்கை அனுமதித்த குறைந்தபட்ச வயதும் அதுவே. ஒரு பதினேழுக்கு ஒப்பந்தமும் மொழி வகுப்பும். மற்றொரு பதினேழுக்குப் பொய்யான பிறந்த ஆண்டும் புரியாத மொழியும்.

தமிழ் இலக்கியம் பயின்ற நமக்குச் செவிலி அயலவள் அல்லள். அகப்பாடல்களில் பேசும் உரிமை பெற்றோருள் அவளும் ஒருத்தி. தான் வளர்த்த மகள் உடன்போக்கில் சென்றபின் வெறுமையான வீட்டில் நின்று புலம்பும் அவள் குரல் நற்றாயின் குரலினும் வலிமையாக ஒலிப்பதுண்டு. செவிலியின் மகளே தோழி என்று தொல்காப்பியம் கூறும். ஆனால் அந்தத் தோழியை எண்ணிச் செவிலி கலங்குவதாக நான் பாடல் எதையும் கண்டதில்லை. பிறர் மகளுக்காக அழ அவளுக்கு இடமுண்டு. தன் மகளுக்காக அழ இல்லை. இன்றைய புலம்பெயர் இலக்கியத்தில் அகதியும், மாணவனும், கடைத்தொழிலாளியும் தம் கதையைத் தாமே எழுதுகிறார்கள். அயல்நாட்டு அடுப்படியில் நிற்பவளோ பெரும்பாலும் பிறர் கதையில் வந்து போகிறாள். பேசும் இடத்தைச் சங்கப் புலவன் அவளுக்குக் கொடுத்தான். நாம் அதைக்கூடப் பறித்துக்கொண்டோமோ என்று தோன்றுகிறது.

இதற்குத் தீர்வாகப் பலரும் சொல்வது, "போகாமல் தடுத்துவிடலாம்" என்பது. எனக்கு இதில் உடன்பாடில்லை. குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டுடைய பெண்கள் வளைகுடா நாடுகளில் வீட்டுவேலை செய்ய 30 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது இந்திய விதி. தனியார் முகவர்களை விலக்கி, அரசு நிறுவனங்கள் வழியாகவே அனுப்ப வேண்டும் என்று 2016-இல் ஆணையும் வந்தது. நோக்கம் நல்லது. விளைவு? சுற்றுலா விசாவில் அழைத்துப்போகும் முகவர்களுக்கு வேலை வந்தது. அவ்வழியே சென்றவள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இடர் வந்தால் தூதரகம்கூட அவளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தாய்மார் வீட்டுவேலைக்கு வெளிநாடு செல்ல இலங்கை 2013-இல் தடைவிதித்தது. 2022-இன் பொருளாதார நெருக்கடியில் அதைத் தளர்த்தியது. அந்நியச் செலாவணி தேவைப்படும் நாளில் தளரும் பாதுகாப்பைப் பாதுகாப்பு என்று எவ்வாறு கொள்வது?

சட்டமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. குவைத்தின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுத் தொழிலாளருக்கு வார ஓய்வும் ஆண்டு விடுப்பும் அளிக்கிறது. கடவுச்சீட்டைத் தொழிலாளரே வைத்துக்கொள்ளும் உரிமையைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2011-ஆம் ஆண்டு உடன்படிக்கை உறுதிசெய்கிறது; இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. ஆனால் எச்சட்டமும் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பவளுக்கு அதை எடுத்துச்சொல்லும் மொழி இருந்தால்தான் அது உள்ளே நுழையும்.

எனவே நம்மால் இயன்ற சிறு செயலிலிருந்து தொடங்கலாம். முதன்முறை வீட்டுவேலைக்கு வரும் பெண்களுக்குப் பணியில் சேருமுன் ஒருநாள் பயிற்சியைச் சிங்கப்பூர் 2012 முதல் கட்டாயமாக்கியுள்ளது. அப்பயிற்சியை, புறப்படும் ஊரிலேயே, ஒருநாளாக அன்றி மூன்று மாதமாக நாம் ஏன் நடத்தக்கூடாது? மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. மாலையில் பூட்டிக்கிடக்கும் கல்லூரி வகுப்பறைகள் இருக்கின்றன. வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து, அரபி பேசத் தெரிந்தும் அதை ஒரு தகுதியாகவே கருதாத பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களையே ஆசிரியர்களாக்கலாம்.

பாடத்திட்டம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. குழந்தைக்கு மூச்சுத் திணறினால் என்ன செய்வது, ஒப்பந்தத்தில் எவ்விடத்தில் சம்பளம் எழுதியிருக்கும், தூதரகத் தொலைபேசி எண் எது. இவற்றோடு நூறு சொற்கள். அந்த நூறில் தண்ணீரும் பாலும் மட்டுமன்றி, 'மருத்துவரை அழையுங்கள்', 'எனக்கு ஓய்வு வேண்டும்', 'என் கடவுச்சீட்டைக் கொடுங்கள்' என்பவையும் இருக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தை கற்றுத்தராத சொற்கள் அவை.