முத்திரை குத்தியவர் உத்தமரா?

உன் கைப்பேசிக்கு ஓர் ஓலை வருகிறது. வங்கியின் பெயர், வங்கியின் சின்னம்; "கணக்கு முடங்கும், உடனே அழுத்துக" என்று கட்டளை. அழுத்திய விரலை எடுக்குமுன், ஆண்டெல்லாம் சேர்த்த பணம் பறந்துவிடுகிறது! அனுப்பியவன் எங்கே? தெரியாது. அகப்படுவானா? ஐயமே! ஆனால், அவன் கடைவிரித்த முகவரிக்குப் பெயர் பதிந்து கொடுத்தவர் மறைந்து திரியவில்லை. அவருக்கு அலுவலகம் உண்டு, ஒப்பந்தம் உண்டு, வருவாய் உண்டு. அவரைக் கேள்வி கேட்க வேண்டாமா?

இணைய முகவரி ஒவ்வொன்றுக்கும் ஒரு வால் உண்டு. அந்த வாலுக்குரிய பேரேட்டைக் காப்பவர் பதிவகத்தார். அவர் ஏட்டிலே ஏறாமல் எந்தப் பெயரும் உயிர் பெறாது; அவர் நீக்கினால் நிலைக்காது. ஆக்கவும் அழிக்கவும் வல்லவர், "எனக்கென்ன?" என்று கைவிரிக்கலாமா?

பசிபிக் கடலிலே டோக்கெலாவ் என்றோர் இடம். நியூசிலாந்தின் ஆட்சிக்குட்பட்ட மூன்று பவளத் தீவுகள். மக்கள் சுமார் 1,500 பேர். ஆனால், '.டிகே' என்ற அதன் வாலில் தொங்கிய முகவரிகள் ஒரு காலத்தில் 2 கோடிக்கும் மேல்! எப்படி? நெதர்லாந்தின் ஃப்ரீநாம் நிறுவனம் பெயர்களை இலவசமாக வாரி இறைத்தது. கெடு முடிந்த பெயர்களிலே விளம்பரம் ஏற்றிக் காசு பார்த்தது. மாலி, காபோன் முதலிய ஆப்பிரிக்க நாடுகளின் வால்களும் அதன் கையிலே! இலவசம் ஏழை மாணவனுக்கும் பயன்பட்டது, மறுக்கவில்லை. எத்தனுக்கோ அதுவே பொற்காலமாயிற்று.

2022 டிசம்பரிலே, முறையீடுகளைப் புறக்கணித்ததாகக் குற்றஞ்சாட்டி மெட்டா நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2024 பிப்ரவரியில் சமரசம். பெயர்த் தொழிலைவிட்டே விலகுவதாக ஃப்ரீநாம் அறிவித்தது. கோடிகளை உடையவன் வழக்காடினான், கதவு திறந்தது. கொத்தனாரும், ஓய்வூதியம் பெறும் ஆசிரியரும் எந்த நாட்டு நீதிமன்றத்தின் படி ஏறுவர்?

பெயர்களுக்கெல்லாம் தலைமைப் பொறுப்பேற்றிருக்கும் ஐகான், 2024 ஏப்ரல் 5 முதல் புதிய விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தூண்டில் மோசடி, தீநிரல் போன்றவற்றுக்குத் தக்க சான்று கிடைத்தால், ஒப்பந்தப் பதிவகத்தார் வாளாவிருக்கலாகாது. நல்லது, வரவேற்கிறோம்! ஆயினும் வேலியிலே இரு பொத்தல்கள். அத்தகைய கேடுகளைச் சுமந்து வராத வெறுங்குப்பை அஞ்சலை விதி தொடவில்லை. நாட்டுப் பெயர் வால்களையோ அந்த ஒப்பந்தமே கட்டுப்படுத்தாது. டோக்கெலாவின் கதை நடந்ததே அந்த வழியில்தானே!

"பறிக்கும் அதிகாரம் தந்தால், ஆள்வோர் அதைக் கொண்டு எதிர்ப்போரின் வாயை அடைக்க மாட்டாரா?" என்று கேட்பர். நியாயமான அச்சம்! தணிக்கையின் கசப்பை நாம் அறியாதவர்களல்லர். ஆகவேதான் சொல்கிறோம்: கருத்தைத் தொடாதே, களவைத் தடு! சான்றோடு வரும் முறையீட்டுக்குக் குறித்த கெடுவுக்குள் விடை சொல். பெயரை நீக்கினால் காரணம் கூறு; மேல்முறையீட்டுக்கு வழி வை. எத்தனை முறையீடு, எத்தனை நடவடிக்கை என்று ஆண்டுதோறும் ஊரறியக் கணக்குக் காட்டு. நாட்டின் பெயரைக் குத்தகைக்கு விடும் அரசுகளும் இவற்றை நிபந்தனையாக்கட்டும்!

திருடனுக்குத் தெரிந்தே திண்ணை தருபவன் விருந்தோம்பியல்லன், பங்காளி. பெயர் விற்றுப் பெறும் காசு இனிக்கிறதென்றால், பொறுப்பு மட்டும் கசப்பானேன்? கேள், தோழனே! உரக்கக் கேள்!